சட்டிப்பாறையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு சாஹிராவும் கோகுல்ராஜும் சட்டிப்பாறைப் பூங்காவின் கீழ்வாசலுக்கு வந்தபோது, முந்தின வாரம் இல்லாத ஓர் இரும்புக் கேட் அங்கே நின்றது. கேட்டில் கையகலப் பூட்டு. பக்கத்தில் புதிதாக நட்ட பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து: ‘பூங்காவுக்குள் மிதிவண்டிகள் கண்டிப்பாக அனுமதிக்கப்பட மாட்டாது. பார்வையாளர் நேரம் காலை 9 முதல் மாலை 5 வரை. மீறினால் அபராதம்.’

கோகுல்ராஜ் அதை இரண்டு முறை படித்தான். “அக்கா, இது நமக்கா?”

“வேற யாரு இந்த ஊர்ல காட்டுக்குள்ள சைக்கிள் ஓட்டுறா?”

சாஹிரா பலகையைப் படித்து முடித்துவிட்டு அதன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன மழைக்கு முன்னால் அவளும் கோகுலும் மூன்று ஞாயிறுகள் குனிந்து கல் அடுக்கிக் கட்டிய வடிகாலின் நட்டநடுவில் குழி தோண்டி, சிமெண்ட் போட்டு, பலகையின் ஒரு காலை நிறுத்தியிருந்தார்கள்.

“எடமா இல்ல இவங்களுக்கு,” என்றாள். “இம்புட்டுப் பெரிய மலையில.”

சாஹிராவுக்கு முப்பத்தொன்பது வயது. கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் அவளுடைய அத்தா அப்துல் சலாமின் ஹார்டுவேர் கடை இருக்கிறது. பைப், பெயிண்ட், ஆணி, மண்வெட்டி, கோழிக்கூண்டுக்கு வலை என்று எல்லாம் கிடைக்கும். கடையைக் கவனிப்பது பெரும்பாலும் அவள்தான். ஆறு வருடங்களுக்கு முன்னால், ஊரைவிட்டுப் போன வெளிநாட்டு ஆசிரியர் ஒருவர் தன்னுடைய மவுண்டன் பைக்கை அவளிடம் விற்றார். யாருக்காவது கைமாற்றிவிடலாம் என்றுதான் வாங்கினாள். நாலு மாதம் கடை வாசலில் நிறுத்தியும் ஒருவரும் கேட்கவில்லை. ஐந்தாவது மாதம் அவளே ஏறி மிதித்தாள்.

பஜாரில் பேசினார்கள். கொஞ்ச நாளில் பேசி அலுத்துப் போனார்கள். அவள் ஓட்டிக்கொண்டே இருந்தாள். கடையில் காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை யாராவது எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். சட்டிப்பாறை உச்சியிலிருந்து கீழ்வாசல் வரை இறங்கும் அந்த நாலு கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதையில் மட்டும் அவளிடம் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். பைன் ஊசிகள் மெத்தையாகக் கிடக்கும் மேல்பகுதி, பிறகு வேர்கள் படிக்கட்டு போல இறங்கும் சோலைக்காடு, பிறகு கோகுல்ராஜ் இரண்டு முறை விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்ட கூர்வளைவு. எல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

கோகுல்ராஜ் ஏரிப் பக்கத்து ஓட்டல் ஒன்றில் வரவேற்பில் இருப்பவன், இருபத்தெட்டு வயது. அவனை முதலில் காட்டுக்குள் கூட்டிப்போனதே சாஹிராதான். புயலில் மரங்கள் சாய்ந்து பாதை அடைபட்ட வருடம் இரண்டு பேரும் அரிவாளும் ரம்பமும் எடுத்துப்போய் வெட்டித் திறந்தார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு மழைக்கு முன்னாலும் தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டினார்கள். யாரும் அவர்களைச் செய்யச் சொல்லவில்லை. செய்யாதே என்றும் சொல்லவில்லை.

ஒன்பது மணி வரை கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார்கள். பூங்காப் பொறுப்பாளர் மாரிமுத்து சாவிக்கொத்தோடு வந்தார். இவர்களைப் பார்த்ததும் அவர் முகம் வேறு பக்கம் போக இடம் தேடியது.

“எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்க,” என்றார், யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே. “கேட் வந்துச்சு. மாட்டச் சொன்னாங்க. மாட்டுனேன்.”

“எதுக்குன்னு நீங்க கேக்கலையாண்ணே?”

“கேட்டா மட்டும் சொல்லவா போறாக. ஏதோ புகார் வந்துருக்காம்.”

“யாரு குடுத்தது?”

“அது ரகசியம்.”

“உங்களுக்குத் தெரியுமா?”

“எனக்கே ரகசியந்தாங்க.”

சாஹிரா பலகையின் காலைக் காட்டினாள். “சரி, இத ஏன் வாய்க்காலுக்குள்ள நட்டீங்க?”

மாரிமுத்து குனிந்து பார்த்தார். உண்மையாகவே அப்போதுதான் கவனிப்பவர் போல இருந்தது. “அங்கதாங்க மண்ணு இளக்கமா இருந்துச்சு,” என்றார்.

உத்தரவு போட்டது பூங்கா மேம்பாட்டுக் குழு. அதன் அலுவலகம் ஊருக்குள் ஒரு மாடியில் இருந்தது. திங்கட்கிழமை கடையை அத்தாவிடம் விட்டுவிட்டு சாஹிரா போனாள். செயலாளர் திண்டுக்கல் போயிருந்தார். வியாழக்கிழமை போனாள். செயலாளர் மீட்டிங்கில் இருந்தார். செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார்கள். செவ்வாய்க்கிழமை கோகுல்ராஜும் லீவு போட்டுவிட்டு வந்தான். மேஜைக்குப் பின்னால் இருந்த கிளார்க், உத்தரவைப் பூங்காவில் கேளுங்கள் என்றார்.

“பூங்காவுலதான் இங்க கேக்கச் சொன்னாங்க.”

“அப்ப தகவல் உரிமைச் சட்டத்துல எழுதிப் போடுங்க. முப்பது நாள்ல பதில் வரும்.”

அவர் முழங்கைக்குக் கீழே இருந்த ஃபைலின் மேல் ‘சட்டிப்பாறை – மிதிவண்டி’ என்று தடித்த எழுத்தில் எழுதியிருந்தது. கோகுல்ராஜ் அதைப் பார்த்தான். கிளார்க்கும் அவன் பார்ப்பதைப் பார்த்தார். முழங்கையைக் கொஞ்சம் நகர்த்தி எழுத்தை மறைத்துக்கொண்டார்.

படியிறங்கும்போது கோகுல்ராஜ் சொன்னான்: “ஓட்டல்ல கெஸ்ட் ஒருத்தர்ட்ட நான் இப்பிடிப் பேசுனா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிருவாங்க.”

சாஹிரா முன்னால் இறங்கிப் போனாள். அவளுக்குக் கோபத்தைவிட சலிப்பு அதிகமாக இருந்தது. கோபம் வந்தால் எங்காவது போய் மிதித்துத் தீர்க்கலாம். அதற்கும் இப்போது இடமில்லை.

விஷயத்தைக் கடைசியில் கண்டுபிடித்துச் சொன்னது அப்துல் சலாம். மகள் சைக்கிள் ஓட்டுவது அவருக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. “அந்தப் பூங்காவ மூடுனது நல்லதாப் போச்சு, இனிமேயாவது சோலியப் பாரு,” என்றுதான் முதல் நாள் சொன்னார். ஆனால் அந்த வாரக் கடைசியில் அதே கிளார்க் வீட்டுத் தொட்டிக்கு வால்வு வாங்கக் கடைக்கு வந்தார். அப்துல் சலாம் வால்வை எடுக்க உள்ளே போனவர் கால்மணி நேரம் தேடினார். தேடிக்கொண்டே ஊர்க்கதை பேசினார்.

சாயங்காலம் சாஹிராவிடம் சொன்னார்: “பூங்காவுக்குக் கீழ, வடகவுஞ்சிப் பக்கமா எறங்குற சரிவுல பத்துப் பன்னெண்டு வீடு இருக்குல்ல. அங்க ஒய்யம்மாள்னு ஒரு அம்மா. அதுதான் எழுதிக் குடுத்துருக்கு.”

“எப்பிடி அத்தா கண்டுபிடிச்சீங்க?”

“ஒன்ன மாதிரி ரூலு பேசிக்கிட்டு நின்னா யாரு சொல்லுவா,” என்றார் அவர். பிறகு, “சண்டைக்குப் போகாத. நின்னு பேசு,” என்றார்.

சாஹிரா சண்டைக்குத்தான் போனாள். மறுநாள் மதியம் கோகுல்ராஜை வண்டியோடு ரோட்டில் நிறுத்திவிட்டு, சரிவில் நடந்து இறங்கினாள். என்ன கேட்பது என்று வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். நாங்கள் வெட்டித் திறந்த பாதையில்தானே நீயும் நடந்தாய் என்பதில் ஆரம்பிக்க நினைத்தாள்.

ஒய்யம்மாள் வீட்டு வாசலில் உட்கார்ந்து மரப்பாசியைப் பிரித்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஐம்பது ஐம்பத்தைந்து வயது இருக்கும். மரப்பாசி, கடுக்காய், நெல்லி என்று பருவத்துக்கு ஏற்பக் காட்டில் எடுப்பாள். மற்ற நாட்களில் எஸ்டேட் வேலை. சாஹிரா தன் பெயரைச் சொல்லி, மூஞ்சிக்கல் கடையைச் சொல்லி, சட்டிப்பாறை என்று பேச்செடுத்ததும் ஒய்யம்மாள் கையிலிருந்ததைக் கீழே வைத்தாள்.

“அந்த கேட்டப் பத்திப் பேசத்தான் வந்தீகளா? நல்லதாப் போச்சு. எப்பத் தொறப்பாக?”

சாஹிரா கேட்டாள்: “நீங்கதான மூடச் சொன்னீங்க?”

“நானா?” ஒய்யம்மாள் எழுந்துவிட்டாள். “நான் எதுக்குத் தாயி மூடச் சொல்றேன்? ஏழரைக்கு எஸ்டேட் ஜீப்பு மேல ரோட்டுக்கு வரும். வெள்ளனே எந்திரிச்சு அந்தப் பாதையில ஏறுனா முக்கா மணி நேரம். இப்ப சுத்திப் போக ரெண்டு மணி நேரம் ஆகுது. ஒம்பது மணிக்குத்தான் தொறப்பாகளாம், அதும் டிக்கெட்டு எடுக்கணுமாம். எங்க பாதைக்கு எனக்கு டிக்கெட்டு.”

“உங்க கையெழுத்துப் போட்ட புகார் இருக்குக்கா.”

“இருக்கும். போட்டேன். நான் என்ன சொன்னேன், அவுக என்ன எழுதுனாகன்னு யாரு கண்டா. பூங்காவுல வேலை பாக்குற தம்பி ஒருத்தன்ட்டதான் சொன்னேன். சைக்கிள் ஓட்டுற புள்ளைகள வளைவு வந்தா மணியடிச்சுக்கிட்டு வரச் சொல்லுப்பான்னேன். அம்புட்டுத்தான். அவன் ஒரு தாளக் கொண்டாந்து இதுல போடுங்கன்னான்.”

“மணியா?”

“ஆமா. சத்தமே இல்லாம வாராகல்ல. சித்திரையில ஒரு நாள், மஞ்சச் சட்ட போட்ட ஒரு பய, கண்ணாடியும் தொப்பியுமா, அந்தக் கூர்வளைவுல பூனை மாதிரி வந்தான். நான் மூட்டையோட உண்ணிச்செடிக்குள்ள விழுந்தேன். இந்தா பாருங்க.” முழங்கைக்குக் கீழே நீளமாக ஒரு தழும்பு இன்னும் முழுதாக ஆறாமல் இருந்தது. “‘சாரிக்கா’ன்னு கத்திக்கிட்டே போய்ட்டான். நின்னு பாக்கல. காட்டுமாடுன்னாக்கூட நின்னு பாத்துட்டுத்தான் போகும்.”

சாஹிராவுக்கு அந்தக் காலை ஞாபகம் இருந்தது. அன்றைக்கு அவள் மணிக்கட்டில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு நிமிடத்துக்குள் இறங்கிவிட வேண்டும் என்று இரண்டு மாதமாக முயன்றாள். வளைவில் ஏதோ நிறம் ஒதுங்கியது. யாரோ ஒதுங்கி நின்றுகொண்டார்கள் என்று நினைத்தாள். அல்லது அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது. பதினொரு நிமிடம் ஐம்பத்திரண்டு நொடியில் கீழே வந்து கோகுல்ராஜிடம் பெருமையாகச் சொன்னாள். வளைவில் யாரோ ஒதுங்கியதை அவள் அவனிடம் சொல்லவே இல்லை.

“அது பய இல்லக்கா,” என்றாள். “நான்தான்.”

ஒய்யம்மாள் அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். தலையில் சுற்றியிருந்த துப்பட்டாவை, கையிலிருந்த கடைச் சாவியை, திரும்ப முகத்தை.

“நீங்களா?”

“ஆமா. நின்னுருக்கணும். நிக்கல. தப்புத்தான்.”

ஒய்யம்மாள் தழும்பைத் தடவிக்கொண்டாள். “கை அழுகிப்போகும்னு பயந்தேன். பதினஞ்சு நாள் வேலைக்குப் போகல,” என்றாள். அதைச் சத்தமில்லாமல்தான் சொன்னாள். சாஹிரா தலையைக் குனிந்துகொண்டாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியங்களில் ஒன்றுகூட இப்போது உதவவில்லை.

சாஹிரா கிளம்பும்போது ஒய்யம்மாள்தான் கேட்டாள்: “இப்ப அந்தக் கேட்டத் தொறக்க என்ன செய்யணும்?”

அடுத்த திங்கட்கிழமை மூன்று பேரும் குழு அலுவலகத்துக்குப் போனார்கள். இந்தத் தடவை செயலாளர் இருந்தார். மரியாதையான மனிதர், உட்காரச் சொன்னார், டீ வாங்கிவரச் சொன்னார். ஒய்யம்மாள் நடந்ததை முழுவதும் சொன்னாள். அவர் ஃபைலைத் திறந்து புகாரைப் படித்துக் காட்டினார். ‘மிதிவண்டி ஓட்டுநர்களின் தொடர் அட்டகாசத்தால் பொதுமக்களின் உயிருக்கும் உடைமைக்கும் அச்சுறுத்தல் ஏற்பட்டுள்ளதால், மேற்படி பாதையை உடனடியாக மூடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.’

“இதுல பாதி வார்த்த எனக்குத் தெரியாதுங்க,” என்றாள் ஒய்யம்மாள். “மணியடிக்கச் சொன்னது எங்க இருக்கு?”

செயலாளர் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். “அது இல்ல.”

“அப்ப இந்தப் புகார் எனக்கு வேணாம். குடுத்துருங்க, கிழிச்சுப் போட்டுர்றேன்.”

“அது முடியாதும்மா. நடவடிக்கை எடுத்து முடிச்ச புகார். வாபஸ் வாங்க முடியாது.”

“புகார் குடுத்தவங்களே வேணாங்கிறாங்க சார்,” என்றான் கோகுல்ராஜ்.

“வேணாம்னா முன்னாடியே சொல்லியிருக்கணும்.”

“முன்னாடி எப்பிடி சார் சொல்லுவாங்க? அப்பிடி ஒரு புகார் இருக்குறதே அவங்களுக்குத் தெரியாதே.”

செயலாளர் அதைப் பற்றி உண்மையாகவே யோசித்தார். “நீங்க சொல்றது புரியுது,” என்றார். “புதுசா மனு குடுங்க. அந்தம்மா நடைபாதைக்குத் தனி மனு. நீங்க மிதிவண்டிக்குத் தனி மனு. ரெண்டும் வேற வேற பிரிவு.”

“ஒரே பாதைதான சார்?”

“பாதை ஒண்ணு. பிரிவு ரெண்டு.”

சாஹிரா அங்கேயே உட்கார்ந்து இரண்டு மனுவையும் எழுதினாள். ஒய்யம்மாள் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், “வாசிங்க,” என்றாள். சாஹிரா வாசித்தாள். “இன்னொரு தரம்,” என்றாள். இரண்டாவது முறையும் கேட்டுவிட்டுத்தான் போட்டாள். சாஹிரா தன் மனுவில், வளைவில் ஒரு பெண்ணைக் காயப்படுத்திவிட்டு நிற்காமல் போனது தான்தான் என்றும் எழுதினாள். கோகுல்ராஜ் அதைப் படித்துவிட்டு அவளைப் பார்த்தான்.

“இத எதுக்குக்கா எழுதுறீங்க? நம்ம கேஸே போயிரும்.”

“நடந்தது அதுதானே.”

“என்ட்டயே சொல்லலையே நீங்க.”

“சொல்லல,” என்றாள். அவன் அன்றைக்கு அதன்பிறகு அவளோடு அதிகம் பேசவில்லை.

பாதையை நேரில் வந்து பார்க்கும் ஸ்தல ஆய்வுக்கு இரண்டு மாதம் ஆனது. தேதி மூன்று முறை மாறியது. நான்காவது தேதி ஐப்பசியில், நல்ல மழைநாளில் வந்தது. செயலாளரின் ஜீப் கீழ்வாசல் வரை வந்து நின்றுவிட்டது. மேலே இருந்து வந்த தண்ணீர் வடிகாலில் இறங்கி, பலகையின் காலில் முட்டி, சருகும் சேறுமாக அடைத்துக்கொண்டு, வெளியே பொங்கிப் பாதையை அரித்துக்கொண்டிருந்தது. கேட்டுக்கு அந்தப் பக்கம் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்திருந்தது.

செயலாளர் குடைக்குள் நின்று பார்த்தார். “பாருங்க,” என்றார். “சைக்கிளால மண்ணரிப்பு எப்பிடி ஆயிருக்குன்னு.”

“மூணு மாசமா இங்க சைக்கிளே வரல சார்,” என்றாள் சாஹிரா. “கேட்டு பூட்டியிருக்கு.”

செயலாளர் மாரிமுத்துவைப் பார்த்தார். மாரிமுத்து மழையைப் பார்த்தார்.

சாஹிரா வண்டியிலிருந்து மண்வெட்டியை எடுத்து வந்தாள். யாரிடமும் கேட்கவில்லை. வடிகாலில் இறங்கி, பலகையின் காலைச் சுற்றி அடைத்திருந்த சேற்றை இழுத்து வெளியே போட்டாள். கோகுல்ராஜ் ஒரு நிமிடம் நின்றுவிட்டு, பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினான். ஒய்யம்மாள் கரையில் நின்றபடி, எந்தக் கல்லைப் பெயர்த்தால் தண்ணீர் திரும்பும் என்று கையைக் காட்டினாள். பத்து நிமிடத்தில் தண்ணீர் வாய்க்காலோடு போனது. பலகை மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. செயலாளர் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். பாதையின் மேல்பகுதியைப் பார்க்க அவர் வரவில்லை. அட்டை கடிக்கும் என்றார்.

உத்தரவு தை மாதம் வந்தது. மூன்று பக்கம். உள்ளூர்வாசிகள் காலை ஆறு மணி முதல் ஒற்றையடிப் பாதையில் டிக்கெட் இல்லாமல் நடக்கலாம். மிதிவண்டிகளுக்குக் கீழ்வாசலை ஒட்டிய ஒன்றரைக் கிலோமீட்டர் சமதள ஜீப் பாதை மட்டும். சனி, ஞாயிறு ஏழிலிருந்து ஒன்பது வரை. அடையாள அட்டை, ஹெல்மெட், மணி கட்டாயம். ஒற்றையடிப் பாதையில் மிதிவண்டிக்கு நிரந்தரத் தடை. காரணமாக, விண்ணப்பதாரரே தன் மனுவில் விபத்தை ஒப்புக்கொண்டிருப்பது இரண்டாம் பக்கத்தில் காட்டப்பட்டிருந்தது.

கோகுல்ராஜ் கடையில் நின்றுகொண்டே அதைப் படித்தான். “சொன்னேன்ல,” என்றான். குரலில் ஜெயித்த சந்தோஷம் ஒன்றும் இல்லை. உத்தரவை மடித்துக் கவுண்டரில் வைத்துவிட்டு ஆணி டப்பாவை உருட்டிக்கொண்டிருந்தான். “நீங்க எழுதாம இருந்திருந்தாலும் இவங்க வேற எதையாச்சும் பிடிச்சிருப்பாங்கக்கா. விடுங்க.”

ஒய்யம்மாளுக்குச் சொல்லப் போனபோது அவள் ஏற்கெனவே மூன்று நாளாக அந்தப் பாதையில் போய்க்கொண்டிருந்தாள். “எனக்குத் தொறந்துருச்சு,” என்றாள். “உங்களுக்கு?”

சாஹிரா சொன்னாள்.

“மணி வச்சா போதும்னுதான நான் சொன்னேன்,” என்றாள் ஒய்யம்மாள். எரிச்சலோடு மரப்பாசியை உதறினாள். “ஒரு சொல்லச் சொன்னா ஒரு சொல்லா கேக்க மாட்டாகளா.” பிறகு உள்ளே போய் ஒரு பை நிறைய நெல்லிக்காய் கொண்டுவந்து கொடுத்தாள். சாஹிரா வேண்டாம் என்று சொல்லவில்லை.

முதல் சனிக்கிழமை சாஹிரா ஜீப் பாதைக்குப் போனாள். வாசலில் அட்டையைப் பார்த்தார்கள், மணியை அடித்துக் காட்டச் சொன்னார்கள். ஒன்றரைக் கிலோமீட்டர் போனாள், திரும்பினாள், மறுபடியும் போனாள். பாதையின் நடுவில் நடக்க வந்த ஓர் உள்ளூர்க் குடும்பம் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. அவர்கள் முடிக்கும் வரை காலை ஊன்றி நின்றாள். ஒற்றையடிப் பாதை ஜீப் பாதையில் வந்து சேரும் இடத்தில் ஒரு மூங்கில் தடுப்பு. அதற்கு அப்பால் சருகு மூடி, உண்ணிச்செடி இரண்டு பக்கமிருந்தும் கை நீட்ட ஆரம்பித்திருந்தது. நடக்கிறவர்களுக்கு அவ்வளவு அகலம் போதும். ஆறாவது முறை திரும்பும்போது அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது. அதுவும் வரவில்லை. எட்டு மணிக்கே வீட்டுக்குக் கிளம்பினாள்.

கடையில் அப்துல் சலாம் கேட்டார்: “எப்பிடி இருந்துச்சு?”

“ரோடு மாதிரி இருந்துச்சு அத்தா.”

“அப்ப ரோட்டுலயே ஓட்ட வேண்டியதுதான,” என்றார். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். வந்திருந்த பெயிண்ட் டப்பாக்களைத் தானே தூக்கி அடுக்க ஆரம்பித்தார்.

பதினொரு மணிக்கு கோகுல்ராஜ் போன் செய்தான். தாண்டிக்குடிப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் பழைய குதிரைப் பாதை ஒன்று கிடக்கிறதாம். ஆறு கிலோமீட்டர், முழுக்க இறக்கம், இருபது வருடமாக யாரும் போவதில்லையாம். தோட்ட மேனேஜரிடம் பேசிவிட்டான்.

“என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் பிரச்சினை இல்லன்னாருக்கா. ஆனா…”

“ஆனா?”

“ஒரு மனு எழுதிக் குடுக்கச் சொன்னாரு.”

சாஹிரா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டாள். கடை வாசலில் இரண்டு பேர் அரை இஞ்ச் பைப் எல்போவுக்காகக் காத்திருந்தார்கள். எல்போவை எடுத்துக் கொடுத்தாள், மீதிச் சில்லறை கொடுத்தாள்.

“அந்தப் பாதையில யாரெல்லாம் நடக்குறாங்கன்னு முதல்ல கேட்டுட்டு வா,” என்றாள். “அவங்களப் பாத்துப் பேசிட்டு அப்பறம் எழுதுவோம்.”